கொண்டை ஊசியில் உரசும் சக்கரம்: ஆஃப்செட் தவறா, வேறு கோளாறா?

கோவையில் புது அலாய் வீல் பூட்டி, அவிநாசி சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எங்கேயும் உரசவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. கல்லாறு தாண்டி இரண்டாவது கொண்டை ஊசியில்தான் "சர்ர்" என்று குரல் கேட்கும். சமவெளியில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிப்பது பார்க்கிங்கில் மட்டும்தான். அப்போது ஸ்பிரிங் அமுங்கியிருக்காது. மலை இறங்கும்போது முழு ஒடிப்பு, ப்ரேக்கில் முன்பக்கம் தாழ்வது, வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் ஏறுவது மூன்றும் ஒன்றாக வரும். குன்னூர் மலைப்பாதையில் இது 14 முறை, கல்ஹட்டியில் 36 முறை நடக்கும். அதனால் நீலகிரியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே உட்காரும் என்ற கணக்கு) பார்ப்பது என்றால், ஒடித்த நிலையில், அமுங்கிய நிலையில் பார்ப்பது என்றே பொருள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். வீல் மாற்றிய பிறகு வரும் எல்லாக் கோளாறுக்கும் ஆஃப்செட் மேல் பழி போடுவார்கள். பாதி நேரம் அது நிரபராதி.

முதலில் கணக்கு

வீல் ஹப்பில் (காரில் வீலைப் பூட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் உள்புறத்திலோ ஆரக்காலின் பின்னாலோ இ.டி. என்று போட்டு எண் பொறித்திருப்பார்கள். எண் குறைந்தால் வீல் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ரிம்மின் அகலமும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். பழையது 7ஜே (7 அங்குல அகலம்), இ.டி. 45, புதியது 8ஜே, இ.டி. 35 என்று வையுங்கள். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. இ.டி. 10 குறைந்ததால் வீல் மொத்தமாக 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். அதே 8ஜே ரிம்மை இ.டி. 45-இலேயே எடுத்தால் இரண்டு பக்கமும் 12.7. இ.டி. 48 என்றால் உள்ளே 15.7, வெளியே 9.7. கடைக்காரர் "பத்து மில்லிதானே சார்" என்பார். உங்கள் மட்கார்டுக்கு அது இருபத்திரண்டே முக்கால்.

எண் அழிந்துபோன பழைய வீலா? டயரைக் கழற்றி, ரிம்மை முகம் கவிழ்த்துத் துணி மேல் வையுங்கள். பின்விளிம்பின் குறுக்கே நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து ஹப் உட்காரும் முகம் வரை அளங்கள். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து பாதியாக்கிக் கழியுங்கள். மொத்தம் 203, பாதி 101.5, ஆழம் 146.5 என்றால் ஆஃப்செட் 45. 7ஜே என்று எழுதியிருந்தும் 203 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். ஜே கணக்கு டயர் உட்காரும் இடத்தை மட்டும் அளப்பது. இரு பக்க உதடும் சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடும்.

கொண்டை ஊசியில் மட்டும் முன்னால் உரசுகிறது

சத்தம் எந்தப் பக்க வளைவில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒடிக்கும்போது இரண்டு முன் டயர்களின் முன்விளிம்பும் இடது பக்கம் நகரும், பின்விளிம்பு வலது பக்கம் நகரும். அதாவது பாரம் ஏறிய வலது டயரின் பின்விளிம்பு, கதவுப் பக்க மட்கார்டை நோக்கி வெளியே வரும். இடது டயரின் முன்விளிம்பு, பம்பரும் மட்கார்டும் சேரும் மூலையை நோக்கி வரும். இவ்விரண்டு இடங்களில் உரசினால் ஆஃப்செட் குறைவு, அல்லது டயர் பெரிது.

இதே இடது வளைவில் இடது டயரின் பின்விளிம்பு உள்ளே போய் ஆன்டி-ரோல் பாரையோ (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேஸிஸையோ தொட்டால், நிலைமை நேர் எதிர். ஆஃப்செட் கூடுதல், அல்லது ரிம் உள்பக்கம் அகலம். வலது டயரின் முன்விளிம்பு லைனரின் (மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) உட்பக்கத்தைத் தொடுவதும் இதே வகைதான்.

காதை நம்பாதீர்கள், தடத்தை நம்புங்கள். லைனரிலும் மட்கார்டு உள்விளிம்பிலும் பள்ளிக்கூடச் சாக்பீஸைக் கெட்டியாகத் தேய்த்துவிட்டு, இரண்டு கொண்டை ஊசி போய் வந்து பாருங்கள். மழைக்காலத்தில் சாக்பீஸ் நிற்காது. ஆனால் அப்போது வேறு சாட்சி இருக்கும். லைனர் முழுக்கச் செம்மண் அப்பியிருக்க, உரசும் இடம் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கருப்பாகப் பளபளக்கும்.

மலைக்குப் போகாமலே சோதிக்க வேண்டுமானால், முன் வலது சக்கரத்துக்கும் பின் இடது சக்கரத்துக்கும் அடியில் 10 செ.மீ. உயரக் கெட்டிப் பலகைகளை வைத்து ஏற்றுங்கள். மூலைக்கு மூலை தூக்கும்போது அந்த இரு ஸ்பிரிங்கும் அமுங்கும். கார் நகராதபடி மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மறு மூலைகளை மாற்றுங்கள். இந்த நிலையில் எந்த இடத்திலும் ஒரு விரல் நுழைய வேண்டும். விரல் நுழையாத இடம் சாலையில் உரசும்.

தீர்வு, எந்தத் தடம் என்பதைப் பொறுத்தது. லைனர் மட்டும் லேசாகத் தொட்டால், அதன் கிளிப்பைக் கழற்றி, ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளிவிடலாம். வெளிப்பக்கத் தகடு உரசினால் 5 முதல் 10 மி.மீ. கூடுதல் இ.டி. உள்ள வீல் வேண்டும், உள்ளே அதற்கு இடம் இருந்தால். உள்பக்கம் உரசினால் ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தகடு) ஒரு வழி. அதைப் பற்றிப் பின்னால்.

டயரையும் சந்தேகப்படுங்கள். 205/50 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 611 மி.மீ. அதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் 634. ஏறக்குறைய நான்கு சதவீதம் பெரிது. இங்கே இ.டி.-யை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. 205/45 ஆர்17 என்றால் 616-இல் நிற்கும். மேலும், அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் போட்டால் டயரின் பக்கவாட்டு அகலமும் சுமார் 5 மி.மீ. கூடும்.

அளந்துதான் வாங்கினோம், ஆனாலும் உரசுகிறது

அளந்த இடம் எது? மட்கார்டு விளிம்பில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளப்பது நல்ல முறைதான், தரை மட்டமாக இருந்தால். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ வீட்டு வாசல் மட்டமாக இருப்பது அபூர்வம். கார் பக்கவாட்டில் 3 டிகிரி சாய்ந்து நின்றால், 30 செ.மீ. நூல் சுமார் 16 மி.மீ. பொய் சொல்லும். ஒரு பக்கம் தாராளமாக இடம் இருப்பதாகக் காட்டும், மறுபக்கம் இல்லவே இல்லை என்று காட்டும். பெட்ரோல் பங்க்கின் கான்கிரீட் தளம் போன்ற மட்டமான இடத்தில் அளங்கள். வழியில்லை என்றால் இரு பக்கமும் அளந்து, காரைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து, சராசரி எடுங்கள்.

நாலு பேர் ஏறினால் பின்னால் உரசுகிறது

பின் சக்கரம் ஒடிவதில்லை. அதனால் இங்கே துப்பறிய அதிகம் இல்லை. டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் மெல்லிய வெட்டு வரி விழுந்திருந்தால், மட்கார்டின் உள்மடிப்பு அதைச் சீவுகிறது. 5 மி.மீ. இ.டி. கூட்டினால் பெரும்பாலும் தீரும்.

மடிப்பை உருட்டிவிடச் சொல்லிச் சிலர் டிங்கரிடம் போவார்கள். செய்யலாம், ஆனால் ஊட்டிக் குளிரில் பெயிண்ட் விறைத்துப் போயிருக்கும். அப்படியே தட்டினால் மயிரிழை வெடிப்பு விடும். கை பொறுக்காத சூட்டுக்கு ஹீட் கன் காட்டிய பிறகே மெதுவாக உருட்ட வேண்டும். வெடித்த இடத்தில் உடனே பிரைமர் அடிக்காவிட்டால் இந்த ஈரத்தில் துரு நிச்சயம்.

காலையில் உரசுகிறது, மதியம் இல்லை

காற்றைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் நிரப்பிய டயர் ஊட்டிக்கு வரும்போது இரண்டு விஷயம் நடக்கும். உயரம் ஏறியதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்ததால் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஆனால் உறைபனி விழும் மார்கழி, தை விடியலில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டிப் போகும்போது மேலும் ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். டயர் சூடாக இருந்தபோது நிரப்பியிருந்தால் இன்னும் குறைவு. தணிந்த டயர் வளைவில் பக்கவாட்டில் அதிகம் பிதுங்கும், 4 மி.மீ. இடைவெளி மட்டும் விட்டிருந்தால் அதுவே போதும் உரச. குளிர்ந்த டயரில், ஊட்டியிலேயே அளந்து நிரப்புங்கள்.

மெதுவாகப் போகும்போது "டிக் டிக்" என்று இரும்புச் சத்தம்

இதை இன்றைக்கே பார்க்க வேண்டும். கேலிப்பருக்கும் (பேடுகளால் டிஸ்க்கைப் பற்றும் ப்ரேக் பாகம்) வீலுக்கும் நடுவே எதுவோ தொடுகிறது. இரண்டு வாய்ப்பு.

ஒன்று, பேலன்சிங் எடை. ரிம்மின் உள்ளே ஒட்டிய எடைகள் கேலிப்பரை ஒட்டி ஓடும். நீண்ட இறக்கத்தில் டிஸ்க் கொதிக்கும்போது பசை இளகி எடை நகரும். எடையைக் கழற்றி, ரிம்மைச் சுத்தமாகத் துடைத்து, கேலிப்பருக்கு எதிரே வராத இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பம். பழைய ப்ரேக் பேடுடன் வீலை மாட்டிப் பார்த்தபோது ஆரக்காலுக்கும் கேலிப்பருக்கும் 3 மி.மீ. இருந்தது, மாதங்கள் கழித்துப் புதுப் பேடு போட்டதும் உரசுகிறது. வீலில் எந்த மாற்றமும் இல்லை. ஒற்றைப் பிஸ்டன் வைத்து நழுவும் கேலிப்பரில், வெளிப்பேடு தேயத் தேயக் கேலிப்பரின் வெளிவிரல்கள் டிஸ்க்கை நோக்கி உள்ளே போகும். புதுப் பேடு போட்டால் தேய்ந்த அளவு முழுவதும், சில நேரம் 7, 8 மி.மீ. கூட, மறுபடி வெளியே வந்து நிற்கும். மலையில் பேடு சீக்கிரம் தேயும் என்பதால் இந்தக் கூத்து இங்கே அடிக்கடி. எனவே வீலை வாங்கும் முன் புதுப் பேடு உள்ள நிலையில் மாட்டிப் பாருங்கள். ஆரக்காலின் வளைவு வீலுக்கு வீல் வேறு, ஒரே இ.டி. உள்ள இரண்டு வீலில் ஒன்று நுழையும், மற்றது நுழையாது.

பள்ளத்தில் ஸ்டியரிங் உதறுகிறது, ப்ரேக்கில் ஒரு பக்கம் இழுக்கிறது

உரசல் எதுவும் இல்லை. ஆனால் கை வலிக்கிறது. இங்கே ஆஃப்செட்தான் குற்றவாளி.

ஸ்டியரிங் திரும்பும் அச்சு, மேலே ஸ்ட்ரட்டிலிருந்து (ஸ்பிரிங்கைத் தாங்கும் தூண்) கீழே பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வழியாகச் சாய்வாக இறங்கித் தரையை ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் அந்தப் புள்ளி டயரின் நடுவுக்குச் சற்று வெளியே விழும்படி வடிவமைத்திருப்பார்கள். அப்போது ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பிடிமானம் கூடினாலும் ஸ்டியரிங் தானே எதிர்ப்பக்கம் திருத்திக்கொள்ளும். இ.டி.-யை 15, 20 குறைத்தால் டயரின் நடு அந்தப் புள்ளியைத் தாண்டி வெளியே போய்விடும், திருத்தம் தலைகீழாகும். இடது ஓரத்தில் ஊற்றுநீர் வழிந்து பாசி பிடித்த சாலையில் ப்ரேக் மிதித்தால், பிடிமானம் உள்ள வலப்பக்கம், அதாவது எதிரே வரும் பேருந்தை நோக்கி, கார் இழுக்கும்.

இதில் ரிம்மின் அகலத்துக்குப் பங்கில்லை. 7ஜே-யிலிருந்து 8ஜே-க்குப் போயும் இ.டி. மாறவில்லை என்றால் டயரின் நடு அதே இடத்தில்தான். கம்பெனி கொடுத்த இ.டி.-க்குக் கீழே 5 வரை பெரும்பாலும் உணரத் தெரியாது. 10 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் தோற்றத்துக்காக ஸ்டியரிங்கை விற்றுவிட்டீர்கள் என்றே அர்த்தம்.

சக்கரத்திலிருந்து "ஊம்ம்" என்று ஒலி

இ.டி. குறையக் குறைய ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல் சுமை கூடும். ஒலி வேகத்தோடு ஏறி இறங்கினால், காரமடை பக்கம் நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, லேசாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது ஒலி கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங். எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் அது டயர் பட்டனின் சத்தம்தான், பேரிங்கை மாற்றி ஏமாறாதீர்கள்.

மலையில் சும்மா இருக்கிறது, சமவெளியில் 80-ஐத் தாண்டினால் அதிர்கிறது

ஆஃப்செட் அல்ல. முதலில் வீலைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். எஸ்டேட் மண்பாதையில் போய் வந்த வண்டியில் செம்மண் உள்வளையத்தில் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு கைப்பிடி மண் எந்தப் பேலன்சிங்கையும் கெடுக்கும். குச்சியால் சுரண்டிக் கழுவுங்கள்.

மண் இல்லையென்றால் நடுத்துளை. சந்தை வீல்கள் பல கார்களுக்கும் பொதுவாக 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையோடு வரும். போலோவின் ஹப் 57.1, ஹூண்டாய் ஐ20-யின் ஹப் 54.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். இல்லாவிட்டால் வீல் நட்டுகளின் தயவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் ரிங்குகள் நீண்ட இறக்கங்களின் சூட்டில் உருக்குலையும். அலுமினிய ரிங் வாங்கி, ஹப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்லியதாக ஆன்டி-சீஸ் தடவுங்கள்.

நட்டு தளர்கிறது

மூன்றைச் சரிபாருங்கள். உட்காரும் வடிவம்: ஃபோக்ஸ்வாகன் போல்ட்டுகள் உருண்டை இருக்கை, சந்தை வீல்கள் பெரும்பாலும் கூம்பு. உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடும்; எத்தனை இறுக்கினாலும் தளரும்.

அடுத்தது மரை. ஸ்பேசர் போட்டால் அதன் தடிமன் அளவுக்கு மரைப் பிடி குறையும். பிடித்திருக்கும் நீளம் போல்ட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது: எம்12 × 1.5 என்றால் 8 முழுச் சுற்று, எம்14 × 1.5 என்றால் 9-க்கு மேல். கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். போதவில்லை என்றால் நீளமான போல்ட் வேண்டும்; அது பின்னால் போய் எதையும் இடிக்கிறதா என்று, டயரைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது, ஹப்பில் உட்காரும் விளிம்பு இல்லாத வெறும் தகட்டு ஸ்பேசர் வாங்குவது இரண்டும் வேண்டாம்.

கடைசியாக இறுக்கம். ஏர் கன் வைத்து அடித்து அனுப்பிவிடும் கடையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) கேளுங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். மற்றதற்குக் கையேடு பாருங்கள். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், ஆனால் மலை இறங்கி வந்த சூட்டோடு அல்ல. பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது ரெஞ்சை எடுக்காதீர்கள். மறுநாள் காலை, எல்லாம் ஆறிய பிறகு.

கூம்பு போல்ட்டுக்கு மாறியவர்கள் பழைய உருண்டைப் போல்ட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான். கல்ஹட்டியில் இரவில் பஞ்சரானால் அதற்குப் பழைய போல்ட்டுகளே வேண்டும். ஒரு துணிப்பையில் போட்டு ஜாக்கியோடு கட்டி வையுங்கள்.